சராசரி மீன் என்று ஒன்று இல்லை

கறம்பக்குடிப் பக்கத்துக் குளங்களில் வலை இழுக்கும்போது நான் பெரும்பாலும் காண்பது ஜிலேபி கெண்டை. 1952-இல் இந்தியாவுக்கு வந்த இந்த ஆப்பிரிக்க மீனில், பெண் முட்டைகளை வாய்க்குள் வைத்தே அடைகாக்கும். அந்நாள்களில் ஏறக்குறையப் பட்டினிதான். ஆணோ மேய்ந்துகொண்டே இருக்கும். இரை இறங்காத குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டமும் மாறத்தானே செய்யும்?

2014-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு இன்னும் நுட்பமான ஒன்றைக் காட்டியது. ஸ்டிக்கில்பேக், பெர்ச் என்ற இரு மீன்களில், உணவு மாறும்போது ஆணின் குடல் நுண்ணுயிர்கள் ஒருவிதமாகவும் பெண்ணினுடையவை வேறுவிதமாகவும் மாறுகின்றன. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால், விளைவே இல்லை என்றுகூடத் தோன்றலாம். பொருளியல் கற்பித்த எனக்கு இது பழகிய பிழை. குடும்ப வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்து, பெண்களின் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை மறைக்கும் அதே கணக்கு.

இதில் பணமும் இருக்கிறது. வேகமாக வளர்வதால் திலேப்பியாப் பண்ணைகளில் ஆண் குஞ்சுகளையே விடுகிறார்கள். வனாமி இறாலிலோ பெண்ணே பெரிதாகும். கடன் வாங்கிக் குளத்தைக் குத்தகைக்கு எடுப்பவர், தீவனத்தோடு ‘புரோபயாடிக்’ கலவையும் வாங்குகிறார். அது ஆணில் சோதிக்கப்பட்டதா, பெண்ணிலா என்ற குறிப்பை நான் பார்த்த எந்த உறையிலும் கண்டதில்லை. இரண்டிலும் தனித்தனியே சோதித்த முடிவை அச்சிடுமாறு அரசு கட்டாயமாக்கலாம்.