சிறுநீரகத்தின் மின்வாயில்கள்

தாயகத்தில் விஞ்ஞானம் கற்பித்த நாள்களில், சிறுநீரகம் ஒரு வடி என்றே மாணவர்க்கு நாம் விளக்கி வந்தோம். அது பாதி உண்மையே. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் நீர்மம் அங்கு வடிக்கப்படுகின்றது. சிறுநீராக வெளியேறுவதோ ஒன்றரை லீற்றர் அளவே. எஞ்சிய நீரும் உப்பும் மீட்கப்படுவது எங்ஙனம் என்பதை நாம் போதிய அளவு சொல்லவில்லை.

சிறுநீரக நுண்குழாயின் சுவராய் அமைந்த ஒவ்வொரு கலமும் ஒரு சிறு மின்கலம் எனலாம். அதன் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று மறையழுத்தத்தில் உள்ளது. கலத்தைப் போர்த்திய மென்சவ்வு கொழுப்பாலானது. மின்னேற்றமுள்ள அயன்களை அது புகவிடாது. அவற்றுக்கெனப் புரதத்தாலான வாயில்கள் உள்ளன: சோடியத்திற்கு ஒன்று, பொற்றாசியத்திற்கு வேறொன்று. ஒற்றை வாயிலினூடு பாயும் மின்னோட்டத்தை நேகர், சக்மன் என்னும் ஜேர்மனியர் இருவர் 1976 இல் தவளைத் தசையில் அளந்தனர். ஓர் அம்பியரின் இலட்சம் கோடியில் சில பங்கே அது! 1991 இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். சிறுநீரகக் கலங்களும் பின்னர் அவ்வாறே ஆராயப்பட்டன. நம் ரொறன்ரோ சிறுவர் மருத்துவமனையில் லப் சீ சுயி குழுவினர், மிச்சிகன் ஆய்வாளருடன் சேர்ந்து 1989 இல் கண்டறிந்த மரபணுவும் இத்தகைய குளோரைட்டு வாயில் ஒன்றுக்குரியதே. அது பழுதுற்றால் நுரையீரலில் தடித்த சளி தேங்கும்.

நுண்குழாயின் கடைப்பகுதியில் நேரேற்றமுள்ள சோடியம் தன் வாயிலால் கலத்துள் நுழைகின்றது. அதனால் குழாயின் உள்வெளி மறையேற்றம் பெறுகின்றது. அந்த ஏற்றமே கலத்திலுள்ள பொற்றாசியத்தை ஈர்த்துச் சிறுநீரில் சேர்க்கின்றது. அமிலோறைட்டு என்னும் மருந்து சோடிய வாயிலை அடைக்கும். அப்போது உப்பு வெளியேறும். பொற்றாசியமோ உடலில் தங்கிவிடும்.

பெற்றோர் இதனைக் கவனிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதுற்றவர் உடலில் பொற்றாசியம் தேங்கக்கூடும். இதயத்துடிப்பும் மின்னாலேயே நடப்பதால், மிகையான பொற்றாசியம் அதனைத் தடுமாறச் செய்யும், நிறுத்தவும் கூடும். இளநீரையும் வாழைப்பழத்தையும் குறைக்குமாறு மருத்துவர் சொல்வது இதனாலேயே. நம்மவர் சிலரோ, 'உப்பைக் குறையுங்கள்' என்றதும் கடையில் மாற்று உப்பு வாங்கி வருகின்றனர். அவற்றுட் பல பொற்றாசியம் குளோரைட்டால் ஆனவை! எமக்குத் தெரிந்த முதியவர் ஒருவர், சிறுநீரக நோயாளி, அவ்வாறே வாங்கி வைத்திருந்தார். ஆங்கிலம் வாசிக்க அறியாதவர். பேத்தி போத்தலில் எழுதியிருந்ததை உரக்க வாசித்தமையால் அது குப்பைக்குப் போயிற்று.

மாணவர்களே, உங்கள் அம்மம்மா, அப்பப்பாவின் சமையலறையிலும் அத்தகைய போத்தல் இருக்கிறதா என இன்றே பாருங்கள்.