கல்லூரிக்கு மார்க் போடுவது யார்?

நமக்கு மார்க் போட ஆள் உண்டு. கல்லூரிக்கு? அமெரிக்காவில் நம்மைப்போலத் தொழில் படிக்கப் போன லட்சக்கணக்கானோர் கடன்பட்டுத்தான் இதற்கு விடை தெரிந்துகொண்டார்கள்.

அங்கே கல்லூரிகளுக்குக் காவல் மூன்று பேர். லைசென்ஸ் கொடுப்பது மாநில அரசு. தரச்சான்று கொடுப்பது தனியார் அமைப்புகள். மத்தியக் கல்வித்துறை பணப்பெட்டிக்குக் காவல்: சான்று பெற்ற கல்லூரியின் மாணவர்களுக்கு மட்டும்தான் அரசின் கல்விக்கடனும் உதவித்தொகையும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், சான்று தரும் அமைப்புகள் நடப்பதே கல்லூரிகள் கட்டும் கட்டணத்தில்தான். பரீட்சை எழுதுகிறவனே பேப்பர் திருத்துகிறவருக்குச் சம்பளம் கொடுத்தால் எப்படி இருக்கும்!

கொரிந்தியன் காலேஜஸ் என்று ஒரு லாப நோக்குக் கம்பெனி இருந்தது. 'படித்தால் வேலை' என்று சொல்லித்தான் ஆள் சேர்த்தது. 2015 ஏப்ரலில் கல்வித்துறை, அதன் ஹீல்ட் கல்லூரியின் வேலைவாய்ப்புக் கணக்கைப் பிரித்து வைத்தது. ஏஜென்சிக்குப் பணம் கொடுத்து, படித்து முடித்தவர்களைக் கல்லூரியிலேயே இரண்டே நாள் வேலைக்கு வைத்து, 'வேலை கிடைத்தவர்' பட்டியலில் ஏற்றியிருந்தார்கள். அக்கவுண்ட்ஸ் படித்த ஒரு பெண் பார்த்தது சாப்பாட்டுக் கடை வேலை. அதுவும் 'படித்த துறையில் வேலை'யாம்! அபராதம் 3 கோடி டாலர். அந்த மாதமே மிச்சமிருந்த வளாகங்களையும் இழுத்து மூடிவிட்டார்கள்.

அடுத்தது ஐ.டி.டி. டெக்னிகல் இன்ஸ்டிடியூட். எலக்ட்ரானிக்ஸ், டிராஃப்டிங் என்று நம்ம பாடங்கள்தான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அரசுக் கடன் கிடையாது என்று 2016 ஆகஸ்டில் கல்வித்துறை சொன்னது. செப்டம்பரில் 130-க்கும் மேற்பட்ட கிளைகள் ஒரேயடியாக மூடப்பட்டன. பணம் போகும் குழாயை அடைத்தால் கல்லூரியே நிற்கிறது என்றால், அதுவரை அது எதில் ஓடியது என்று யோசித்துப் பாருங்கள்.

ஐ.டி.டி.க்கும், கொரிந்தியனின் பல வளாகங்களுக்கும் சான்று கொடுத்தது ஏ.சி.ஐ.சி.எஸ். என்ற ஒரே அமைப்பு. அதன் அங்கீகாரத்தை அரசு 2016-ல் பறித்தது. ஆட்சி மாறியபின் 2018-ல் திருப்பிக் கொடுத்தது. 2022-ல் மறுபடியும் பறித்தது. காவல்காரனுக்கும் காவல் வேண்டியிருக்கிறது. அந்தக் காவலோ தேர்தலுக்குத் தேர்தல் மாறுகிறது.

மாணவர்களின் மிச்சக் கடன் முழுவதும் 2022-ல்தான் தள்ளுபடியானது. கொரிந்தியனில் படித்த 5,60,000 பேருக்கு 580 கோடி டாலர், ஐ.டி.டி.யில் படித்த 2,08,000 பேருக்கு 390 கோடி. இரண்டு கம்பெனிகளும் எப்போதோ மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டதால், அந்த நஷ்டம் பெரும்பாலும் வரி கட்டுகிறவன் தலையில்தான் விழுந்தது.