மாத்திரை வெளியேறும் பாதை

நம் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில், டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான செயற்கை இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதே வகை வால்வு 2009-இல் என் துணைவியாருக்கும் பொருத்தப்பட்டது. வால்வில் இரத்தம் உறையாதிருக்க அன்று முதல் தினமும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் போயிருந்தோம். அங்கே அவருக்கு வயிற்றுப்போக்கு. நானே கடையில் மெட்ரோனிடசோல் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். வயிறு சரியாயிற்று. ஐந்தாம் நாள் பல் ஈறில் இரத்தம் கசிந்தது. 2.5 முதல் 3.5-க்குள் இருக்க வேண்டிய ஐ.என்.ஆர். 7-ஐத் தாண்டியிருந்தது. வார்ஃபரின் அளவை யாரும் கூட்டவில்லையே, பின் எப்படி?

டாக்டர் சொன்ன விளக்கத்தை நான் ரயில்வே யார்டை வைத்துப் புரிந்துகொண்டேன். தினமும் வரும் வண்டிகளும் வெளியேறும் வண்டிகளும் சமமாக இருந்தால் யார்டில் நெரிசல் இல்லை. உடலிலுள்ள வார்ஃபரினில் பாதி வெளியேற ஏறக்குறைய 40 மணி நேரம் ஆகும். மீதியில் பாதி வெளியேற மேலும் 40 மணி நேரம். தினமும் ஒரே அளவு சாப்பிட்டால், வரவும் செலவும் சமமாக எட்டு நாட்கள் போல ஆகிறது.

சிறுநீரகத்தால் வார்ஃபரினை அப்படியே வெளியே தள்ள முடியாது. கல்லீரலில் உள்ள சிஒய்பி 2சி9 என்னும் நொதி முதலில் அதை உருமாற்றி, நீரில் எளிதில் கரையும்படி செய்கிறது. அதன் பிறகே அது சிறுநீரில் போகும். மெட்ரோனிடசோல் அந்த நொதியின் வேலையைத் தடுத்துவிட்டது. வெளியேறும் பாதைக்குச் சிவப்பு சிக்னல். உள்ளே வரும் வண்டிகளோ நிற்கவில்லை. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இதற்கு நேர்மாறு. அது நொதியைப் பெருக்கி வார்ஃபரினை விரைவில் வெளியேற்றிவிடும். அப்போது வால்வில் இரத்தம் உறையும் அபாயம்.

டாக்டர் வார்ஃபரினைச் சில நாள் நிறுத்தி, வைட்டமின் கே கொடுத்துச் சரிசெய்தார். தெய்வாதீனமாகப் பெரிய கேடு இல்லை.

நம்மில் பலருக்கு இங்கே ஒரு டாக்டர், சொந்த ஊரில் ஒரு டாக்டர். ஒருவர் கொடுத்த மருந்து மற்றவருக்குத் தெரிவதில்லை. ஆகவே, சாப்பிடும் மருந்துகளின் பெயரையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்திருங்கள். புதிய மாத்திரை எதுவானாலும், அந்தச் சீட்டை டாக்டரிடம் காட்டிய பிறகே வாயில் போடுங்கள். நான் அன்று செய்யத் தவறியது அதுதான்.