மாத்திரை குறையும்போது மூட்டை தூக்கலாமா?

ஐம்பது வயதைத் தாண்டிய வணிகர்கள் சிலருக்கு ஒரு நாள் காலையில் கடை ஷட்டரைத் தூக்கக் கை எழுவதில்லை. இரண்டு தோள்களும் இறுகிக் கிடக்கின்றன. படுக்கையில் புரண்டு படுப்பதே பெரும்பாடாக இருக்கிறது. இடுப்பும் தொடையும் கட்டிப் போட்டாற்போல் இருக்கின்றன. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இளகுகிறது; மறுநாள் காலையில் மீண்டும் அதே கதைதான். மூட்டை தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று எண்ணித் தைலம் தேய்க்கிறோம், வலி மாத்திரை விழுங்குகிறோம், வாரங்கள் ஓடிவிடுகின்றன.

இத்தகைய அடையாளங்களோடு வரும் நோய்களில் ஒன்றுக்குப் பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்று பெயர். பல தசைகளில் வலி என்பதே அதன் பொருள். ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் புரூஸ் என்பவர் 1888-இல் இதை விவரித்தார்; இன்றுள்ள பெயர் 1957-இல் வந்தது. ஐம்பது வயதுக்குக் கீழே அநேகமாக வராது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். வட ஐரோப்பாவில் மிகுதி, நம் நாட்டில் அவ்வளவு இல்லை. அதனாலேயே இங்கே கண்டுபிடிக்கத் தாமதமாவதும் உண்டு. ரத்தப் பரிசோதனையில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகியவை பெரும்பாலும் ஏறியிருக்கும். இன்ன நோய் என்று தீர்மானிப்பது மருத்துவரின் வேலை. அதில் நாம் தலையிடவில்லை. நோய் இன்னதென்று தெரிந்து, ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கி, பிறகு அது சிறிது சிறிதாகக் குறைக்கப்படும் அந்த நீண்ட காலத்தில் கடை வேலையை எப்படி நடத்துவது என்பதே நம் பேச்சு.

இந்த நோய்க்கு மருத்துவர்கள் கொடுப்பது பெரும்பாலும் பிரட்னிசலோன். தினம் 12.5 மி.கி. முதல் 25 மி.கி. வரை ஏதோ ஓர் அளவில் தொடங்குவார்கள். சில நாட்களிலேயே வலி பெருமளவு விட்டுவிடும். நேற்று வரை சட்டை மாட்ட மகனைக் கூப்பிட்டவர், இன்று தாமே பரண் மேலிருந்து டின்னை இறக்குவார். ஆபத்து ஆரம்பமாவது இங்கேதான். மாத்திரை அழற்சியை அடக்கி வைத்திருக்கிறது, நோய் போய்விடவில்லை. கடனுக்கு வந்திறங்கிய சரக்கைப் பார்த்துவிட்டு, ரொக்கம் கொடுத்து வாங்கிய இருப்பு என்று கணக்கெழுதினால் என்னாகும் என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஸ்டீராய்டு மருந்தின் கதையே அப்படித்தான் தொடங்கியது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் டாக்டர் பிலிப் ஹெஞ்ச், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட வைத்தார். ஒரு வாரத்திற்குள் அந்தப் பெண் எழுந்து கடைத்தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தார். 1950-இல் ஹெஞ்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்புகிறது, தொடர்ந்து அதிகமாகக் கொடுத்தால் வேறு தொல்லைகள் வருகின்றன என்பதையும் அந்த மருத்துவர்களே கண்டார்கள். பரிசுச் செய்தி பரவிய அளவுக்கு இது பரவவில்லை.

மாத்திரையை ஏன் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் சிறுநீரகங்களின் மேல் அட்ரினல் என்ற சுரப்பிகள் இருக்கின்றன. கார்ட்டிசால் என்னும் ஸ்டீராய்டை உடம்புக்குத் தேவையான அளவு அவை தினமும் சுரக்கின்றன. பிரட்னிசலோன் கணக்கில் அது ஏறத்தாழ 5 மி.கி.க்குச் சமம். வெளியிலிருந்து மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால், உள்ளே உற்பத்தி மந்தமாகிவிடும். வெளி வரவைத் திடீரென்று நிறுத்தினால் உள்ளேயும் இருக்காது. ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வலி இல்லையே, மாத்திரை எதற்கு என்று தாமாக நிறுத்திக்கொள்பவர்கள் இதை அறிய வேண்டும்.

ஆகவே மருத்துவர்கள் படி இறங்குவதுபோல் குறைக்கிறார்கள். 2015-இல் ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறைப்படி, நான்கு முதல் எட்டு வாரத்தில் தினம் 10 மி.கி. என்ற அளவுக்கு வந்து, அதன்பின் நான்கு வாரத்துக்கு 1 மி.கி. வீதம் இறங்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்திலிருந்து பூஜ்யத்துக்கு வரவே நாற்பது வாரம் ஆகிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஏறக்குறைய ஒரு வருடம். இரண்டு வருடமும் அதற்கு மேலும் ஆகிறவர்கள் நிறைய. இந்தத் தீபாவளியில் தொடங்கியவர் அடுத்த தீபாவளியையும் மாத்திரையோடுதான் பார்ப்பார் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு கணக்கும் உண்டு. பத்திலிருந்து ஒன்பதுக்கு வந்தால் பத்தில் ஒரு பங்கு குறைவு. மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தால் மூன்றில் ஒரு பங்கு குறைவு. இறங்கியது இரண்டிலும் அதே 1 மி.கி.தான், ஆனால் உடம்புக்கு அது ஒன்றல்ல. 7 மி.கி.க்குக் கீழே வரும்போது பலருக்குச் சோர்வு வந்து அழுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். மந்தமான சுரப்பி விழித்துக்கொள்ள நாள் எடுப்பது மற்றொன்று. 5 மி.கி. மாத்திரை எங்கும் கிடைக்கும். சிறிய அளவுகளுக்கு மருந்துக் கடையில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. கிடைக்கவில்லை என்று ஒரு படி தாண்டிக் குறைக்க வேண்டாம்.

இப்போது வேலைக்கு வருவோம். மாத்திரை குறையும் காலத்தில் உடம்பு வலித்தால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கக்கூடும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முதலாவது, வெறும் வேலை வலி. பல மாதம் தூக்காத கை ஒரு நாள் பத்துச் சிப்பம் அரிசியைத் தூக்கி அடுக்கினால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வலிக்கும். உழைத்த இடத்தில் மட்டும் வலிக்கும். இரண்டு மூன்று நாளில் தணியும். இரண்டாவது, நோய் திரும்புவது. இதில் இரண்டு தோளும் இடுப்பும் ஒருசேரப் பிடிக்கும், காலை இறுக்கம் முக்கால் மணி, ஒரு மணி என்று நாளுக்கு நாள் நீளும். மூன்றாவது, மருந்து குறைந்ததால் வரும் தளர்ச்சி. உடம்பு முழுக்க அசதி, எழுந்தால் தலைசுற்றல், பசியின்மை, குமட்டல், எடை குறைதல் என்று இருக்கும்.

வேலை வலியை நோய் என்று எண்ணி மருத்துவரிடம் சொன்னால், குறைத்த மாத்திரை மறுபடி ஏறிவிடும். நாலு மாத உழைப்பு வீண். தளர்ச்சியை வேலை அலுப்பு என்று அலட்சியம் செய்தால் அது ஆபத்து. இவற்றைப் பிரித்தறிய ஒரே வழி, உடம்பு வேலையை ஒரே சீராக வைத்திருப்பதுதான். ஒரு நாள் லாரிச் சரக்கு முழுவதையும் இறக்கிவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துக்கிடப்பவருக்கு, எந்த வலி எதனால் வந்தது என்று அவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

சீராக வைப்பது எப்படி? நல்ல நாளிலும் மோசமான நாளிலும் மறுநாள் வலி கூடாமல் செய்ய முடிந்த அளவு எது என்று ஒரு வாரம் பார்த்து, அதையே அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல நாள் வந்தது என்று அதை மீறக் கூடாது. வியாபாரிக்கு இது மிகவும் கஷ்டம். வரும் கூட்டத்தை விட்டுவிட நமக்கு மனம் வராது. அளவைக் கூட்டுவதென்றால் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பத்து நிமிட நடை அடுத்த வாரம் பதினொரு நிமிடம் ஆகட்டும். மாத்திரை குறைந்த வாரத்திலும் அதற்கு அடுத்த வாரத்திலும் வேலையைக் கூட்டவே வேண்டாம் என்பது நம் யோசனை. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் என்ன வந்தது என்று தெரியாமல் போய்விடும்.

இதற்காக முழு ஓய்வு எடுப்பதும் தவறு. ஸ்டீராய்டு நாள்பட்டால் தொடைத் தசைகளை மெலிய வைக்கும். தரையில் உட்கார்ந்து வியாபாரம் செய்பவர் வலி இல்லாமலே எழுந்திருக்கச் சிரமப்பட்டால், அது இந்த மெலிவாக இருக்கலாம். நடையும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியும் இதற்கு உதவும். எலும்பும் வலுவிழக்கும். சர்க்கரை மூட்டையைக் குனிந்து தூக்கியதில் முதுகெலும்பு நசுங்குவது இந்த மருந்து எடுப்பவர்களுக்கு நடக்கக்கூடியதே. கால்சியம், வைட்டமின் டி, தேவைப்பட்டால் எலும்புக்கான மருந்து ஆகியவை பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடையில் சில மாற்றங்கள் போதும். அதிகம் விற்கும் சரக்கை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவரலாம். தோளுக்கு மேலே கை தூக்கும் வேலைதான் இந்த நோயில் மிகவும் படுத்தும். பரணும் ஷட்டரும் கடைப் பையனுக்குரியவை. மாத்திரையைக் காலையில் சாப்பாட்டோடு எடுப்பதால், விடியற்காலையில் சரக்கு இறக்குவதை ஒன்பது மணிக்குத் தள்ளி வைக்க மண்டியில் பேசிப் பார்க்கலாம். எடை போடுவது, பில் எழுதுவது, பாக்கி வசூல் ஆகியவற்றை மாற்றி மாற்றிச் செய்யலாம். 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்து, ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்றானது. அந்த இருக்கையில் முதலாளியும் உட்காரலாம், தடையில்லை. தீபாவளி, பொங்கல் நெருக்கத்தில் மாத்திரையைக் குறைக்கும் நாள் விழுந்தால், இரண்டு வாரம் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரை முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

நாள்வழி எழுதும் பழக்கம் நமக்கு உண்டு. அதுபோல் ஒரு சிறு நோட்டில் தேதி, மாத்திரை அளவு, காலை இறுக்கம் எத்தனை நிமிடம், அன்று செய்த வேலை ஆகிய நாலையும் எழுதி வந்தால், மருத்துவரிடம் வாயால் சொல்வதைவிட அது தெளிவாகப் பேசும்.

நம்மில் சர்க்கரை நோயாளிகள் அதிகம் என்பதால் ஒரு வார்த்தை. காலையில் எடுக்கும் ஸ்டீராய்டு மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையை அதிகம் ஏற்றும். வெறும் வயிற்றுப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைய முடியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு குறையும்போது சர்க்கரை மருந்தையும் குறைக்க வேண்டி வரலாம். கவனிக்காவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, கல்லாவிலேயே மயங்கி விழ நேரும்.

பேர் தெரியாத வலிப் பொடிகளைத் தொடவே வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. அப்படியானால் இங்கே குறைப்பதை அங்கே ஏற்றிக்கொண்டிருப்போம்.

இந்த நோய் உள்ளவர்கள் சிலருக்கு நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயிலும் அழற்சி வரும். புதிதாகத் தலைவலி, தலை சீவினால் வலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் கண் பறிபோகலாம். கடும் காய்ச்சல், விபத்து, அறுவை சிகிச்சை ஆகிய நேரங்களில் மாத்திரை அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் உடனே ஊசியாகப் போட வேண்டும். எனவே, மருந்தின் பெயர், அன்றைய அளவு, எத்தனை மாதமாக எடுக்கிறார், மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதன் நகல் ஒன்று கல்லாப்பெட்டியில் இருக்கட்டும். அது அங்கே இருக்கிறது என்று கடையில் நிற்கும் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.