ஏற்றத்தில் இருமும் மொறிஸ் மைனர்



வாப்பா ஆசையோடு வாங்கி, காக்காமார் ஓட்டிப் பழகி, இன்று உங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்று உங்களிடமும் இருக்கக்கூடும். இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை 16 இலட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்ட கார் இது. நம் நாட்டு வீதிகளில் இன்றும் அதைக் காண்கிறோம்.

பெருநாள் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு அதில் கண்டிக்குப் புறப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாவனல்லை வரை ஒரு குறையுமில்லை. கடுகண்ணாவ ஏற்றம் தொடங்கியதும் கார் இருமுகிறது. இழுவை குறைகிறது. கியரை மாற்றியும் பயனில்லை. பின்னால் பஸ்ஸும் லொறியும் ஹோர்ன் அடிக்க, வளைவில் நின்றேவிடுகிறது. சற்று நேரம் கழித்துத் திறப்பைத் திருப்பினால், ஒன்றுமே நடவாதது போல் ஸ்டார்ட் ஆகிறது! கொஞ்சத் தூரம் போனதும் மறுபடியும் அதே கதை.

இப்படி நடந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பெற்றோல் பம்பைத்தான்.

ஏன் ஏற்றத்தில் மட்டும்?

பெற்றோல் தாங்கி காரின் பின்புறம் தாழ்வாக இருக்கிறது. காபரேட்டர் முன்னால் என்ஜினோடு இருக்கிறது. பெற்றோலை அங்கே கொண்டுசேர்ப்பது என்ஜின் அறையின் பின்சுவரில் பொருத்தப்பட்டுள்ள சிறிய மின்சாரப் பம்ப். அதனுள்ளே ஒரு மெல்லிய சவ்வு இழுபட்டும் தள்ளப்பட்டும் பெற்றோலை அனுப்புகிறது. காபரேட்டரின் பக்கத்தில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. நம் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் மிதவை உயர்ந்ததும் குழாய் மூடிக்கொள்வது போல, இந்தக் கிண்ணம் நிறைந்ததும் உள்ளேயுள்ள மிதவை பெற்றோலின் வழியை மூடிவிடும்.

வீட்டு வாசலில் மெதுவாக ஓடும் என்ஜினுக்குச் சிறிதளவு பெற்றோல் போதும். தளர்ந்துபோன பம்பும் அதைச் சமாளித்துவிடும். ஏற்றத்திலோ பல மடங்கு தேவை. பம்பால் ஈடுகொடுக்க முடியாதபோது கிண்ணம் வற்றுகிறது. காற்று கூடிப் பெற்றோல் குறைவதால் என்ஜின் இருமி வலுவிழக்கிறது. நின்று ஓய்ந்ததும் கிண்ணம் திரும்ப நிறைவதால்தான் மறுபடி ஓடுகிறது. ஆகவே, வாசலில் ஸ்டார்ட் ஆவதை மட்டும் பார்த்து, "கார் நல்லா இருக்கு" என்று முடிவு செய்யாதீர்கள்.

காது கொடுத்துக் கேளுங்கள்

என்ஜினை இயக்காமல் திறப்பை மட்டும் திருப்புங்கள். "டக், டக், டக்" என்று வேகமாக ஒலித்து, சில விநாடிகளில் அடங்கினால் நல்லது. ஒலி அடங்காமல் வேகமாகத் தொடர்ந்தால் தாங்கி வெறுமையாக இருக்கலாம், அல்லது குழாயில் எங்கோ காற்று புகுகிறது. அடங்கிய பின்னும் அடிக்கடி ஒலித்தால் எங்கோ கசிவு இருக்கலாம், வால்வும் தேய்ந்திருக்கலாம். ஒலியே இல்லையென்றால் பம்பின் பொயின்ட் கருகியிருக்கலாம், அல்லது வயர் கழன்றிருக்கலாம். பம்பை மெல்லத் தட்டியதும் ஒலிக்கத் தொடங்கினால், அது வீடு வந்து சேர உதவும் தந்திரம் மட்டுமே, வைத்தியமல்ல.

கராஜுக்குப் போகுமுன்

கார் நின்றவுடன் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளிழுபட்டு, அதன் பின் கார் ஒழுங்காக ஓடினால், மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. அதைச் சுத்தம் செய்தாலே போதும். பழைய தாங்கியின் துரு, பம்பின் வடியை அடைப்பதும் உண்டு.

கராஜ் பாஸிடம் "கார் நிக்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மைல் ஓடிய பின், ஏற்றத்திலா சமதரையிலா, பம்பின் ஒலி எப்படி என்று விபரமாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கொயில், காபரேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக் காசு கரையும்.

புதிய வாகனத்தின் பம்பைப் பொருத்தவும் விடாதீர்கள். இந்தக் காருக்குச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 3 இறாத்தல் அழுத்தமே போதும். இன்றைய இன்ஜெக்‌ஷன் வாகனப் பம்புகள் பெரும்பாலும் 40 இறாத்தலுக்கு மேல் தருவன. அந்த அழுத்தத்தை மிதவை தாங்காது. பெற்றோல் பொங்கி வழியும்.

இதை மறக்க வேண்டாம்

என்ஜின் நின்றாலும், திறப்பு திருப்பியபடி இருந்தால் இந்தப் பம்ப் வேலை செய்யும். குழாய் வெடித்திருந்தால் சூடான என்ஜின் மீது பெற்றோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். எனவே பெற்றோல் வாடை வந்தாலோ விபத்து நேர்ந்தாலோ, முதல் வேலை திறப்பை மூடுவது. அடுத்தது, பிள்ளைகளை இறக்கி வீதியை விட்டுத் தூரமாக நிறுத்துவது. அருகில் எவரையும் சிகரட் பற்றவைக்க விடாதீர்கள்.

அடுத்த பயணத்தன்று சாப்பாட்டுப் பொதியைக் காரில் வைக்குமுன், அந்த "டக், டக்" ஒலியை ஒருமுறை கேட்டுவிடுங்கள். அதற்கு அரை நிமிடம்கூடச் செல்லாது.