புதுத் தரையில் பசைக்கறையா? கொஞ்சம் பொறுங்கள்!

புது வீட்டில் பால் காய்ச்ச இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. பொங்கோலில் எங்களுக்குக் கிடைத்த நான்கறை வீவக வீட்டில் மூங்கில் தரை போட்டு முடித்த மறுநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். வரவேற்பறைச் சன்னல் வழியே வெயில் சாய்வாக விழுந்திருந்தது. தேன் நிறத் தரையில் மங்கலான கால்தடங்கள், விரல் அடையாளங்கள், நீளநீளமாக டேப் ஒட்டியிருந்த கோடுகள். பலகைகளின் இடுக்கில் கடுகுபோல் இறுகிய பசைத் துளிகள். முந்தின இரவு விளக்கு வெளிச்சத்தில் இவற்றில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

வானொலியில் தினமும் மாலை மூன்று மணி நேரம் பேசுகிறவள் நான். “பதற்றப்படாதீங்க நேயர்களே” என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்றிரவு நிகழ்ச்சி முடிந்ததும் நான் செய்தது என்ன தெரியுமா? ஹார்ட்வேர் கடையில் ஒரு போத்தல் தின்னர் வாங்கி, பாத்திரம் தேய்க்கும் பச்சைத் தேய்ப்பானில் ஊற்றி, சன்னலோரத்தில் இருந்த பெரிய கறையை அழுத்தித் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் கறை போனது. கூடவே பளபளப்பும் போனது. இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத் தரை வெளிறி, சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிட்டது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. எல்லாக் கறைகளையும் படமெடுத்துக் குத்தகையாளருக்கு அனுப்பினேன். அந்த வெளிறிய இடத்தையும் சேர்த்துத்தான். “தரை போட்ட ஆளோட சம்பளத்துல பிடிச்சுக்கிறேன், நீங்க கவலைப்படாதீங்க” என்றார் அவர். நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

எது கறை, எது காயம்?

ஞாயிற்றுக்கிழமை, தமது விடுப்பு நாளில், தரை போட்ட அண்ணன் வந்தார். புதுக்கோட்டைக்காரர். பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கே இதே வேலை. கையில் ஒரு பையும் சில பழைய பனியன் துணிகளும் மட்டும் கொண்டு வந்திருந்தார். முதல் வேலையாக விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்தார். மேலிருந்து பார்த்தால் தெரியாத கறையெல்லாம் சாய்ந்த வெளிச்சத்தில் வரிசையாகத் தெரிந்தது.

“தரையில இருக்கிறது எல்லாம் ஒரே பசை இல்ல, மேடம்” என்றார்.

பலகைகள் நகராமல் இருக்க ஒட்டும் டேப்பைக் கழற்றும்போது அதன் பிசின் தங்கிவிடும். அது தொட்டால் ஒட்டும், மென்மையானது. பலகையைச் சிமெண்டுத் தரையோடு பிடித்துவைக்கும் பசை வேறு. பெரும்பாலும் அது பாலியூரித்தேன். காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும் வகை. ஈரமாக இருக்கும்போது ஒரு துணியால் எடுத்துவிடலாம். இறுகிவிட்டால் எந்தக் கரைப்பானுக்கும் லேசில் மசியாது. மூன்றாவது, அரைகுறையாகத் துடைத்த பசை. அது கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்து தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துடைக்கத் துடைக்கக் கால்தடம் திரும்பத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

மூங்கில் மரமல்ல, புல் என்பது நமக்குப் பழைய செய்தி. வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் தொல்காப்பியமே பிரித்துச் சொல்லியிருக்கிறது. ஆனால் தரைப்பலகையாக வரும்போது அந்த மூங்கிலைக் கீற்றாக அல்லது நாராக்கி, பசையோடு சேர்த்து அழுத்தி, மேலே மெல்லிய பூச்சு கொடுத்துவிடுகிறார்கள். கறை உட்கார்ந்திருப்பது அந்தப் பூச்சின்மேல். பூச்சைக் காப்பாற்றிக்கொண்டு கறையை மட்டும் எடுப்பதுதான் வேலை. கறை போய்ப் பூச்சும் போனால் அது காயம்.

மென்மையானதில் தொடங்குங்கள்

அண்ணன் அன்று செய்து காட்டிய வரிசை இது. எந்த முறையானாலும் முதலில் மீந்துபோன பலகைத் துண்டில் செய்து பார்க்க வேண்டும். துண்டு இல்லையென்றால் அலமாரிக்குள் மறையப்போகும் ஒரு மூலையில். துடைத்து, நன்றாகக் காயவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் பளபளப்பு மாறவில்லை என்று உறுதியான பிறகுதான் நடுவீட்டுக்கு வரவேண்டும்.

முதலில், காய்ந்த மென்மையான துணி. பிறகு, வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்புக் கலந்து, ஒட்டப் பிழிந்த துணி. உடனே காய்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிட வேண்டும். மூங்கில் ஈரத்தைக் குடித்து உப்பும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு ஏற்கெனவே வேண்டிய ஈரம் இருக்கிறது.

டேப் பிசினுக்கு நீலகிரித் தைலம். தரையில் ஊற்றக்கூடாது. துணியில் சில சொட்டு விட்டு, கறைமேல் ஓரிரு நிமிடம் வைத்து எடுத்தால் பிசின் உருண்டு வரும். எண்ணெய்ப் பிசுக்கை மறுபடி சோப்புத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

இறுகிய துளிக்குப் பழைய ஈஸி-லிங்க் அட்டை. அட்டையைப் படுக்கை வசமாகச் சாய்த்து, மூங்கில் நார் ஓடும் திசையிலேயே மெல்லத் தள்ளினால் துளி பெயர்ந்து வரும். ஒரு துளிக்கு ஐந்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும். கத்தி, பிளேடு, இரும்புத் தேய்ப்பான் கூடவே கூடாது. நான் எடுத்த பச்சைத் தேய்ப்பானும் அப்படித்தான். அதில் அரைக்கும் துகள்கள் இருக்கின்றன.

பசைப் படலத்துக்கு ஒயிட் ஸ்பிரிட். தின்னரைவிட இது மென்மையானது. துணியில் மட்டும் நனைத்து, ஓர் அடி சதுரம் துடைத்து, உடனே வேறு சுத்தமான துணியால் எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்துக்கொண்டே போனால் பசையை அடுத்த பலகைக்குப் பூசுவதுதான் நடக்கும். சன்னல்கள் திறந்திருக்கட்டும், கையுறை இருக்கட்டும், வீட்டில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது. அதற்கும் போகாவிட்டால் பசை டப்பாவின் பெயரைக் கேட்டு, அதே நிறுவனம் பரிந்துரைக்கும் நீக்கியைத் தேடலாம். எண்ணெய் மட்டும் பூசிய தரையென்றால் இந்தக் கரைப்பான்கள் எண்ணெயையும் சேர்த்து எடுத்துவிடும். அங்கே தரை விற்றவரைக் கேட்காமல் கைவைக்காதீர்கள்.

சன்னலோரத்தில்

மூன்று மணி நேரத்தில் வரவேற்பறை கண்ணாடிபோல் ஆனது. கடைசியாகச் சன்னலோரத்துக்கு வந்தவர், குந்தி உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்தார்.

“இது பசை இல்ல மேடம். பூச்சே போயிருக்கு. எங்க ஆளுங்க தின்னரைத் தொடமாட்டாங்க.”

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். தின்னர் போத்தல் சமையலறை மேடையிலேயே இருந்தது. பேச்சே பிழைப்பாக உள்ள எனக்கு இரண்டு சொல் சொல்ல அவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கவில்லை.

“நான்தான் அண்ணே.”

அவர் முன்னாலேயே குத்தகையாளரை அழைத்து, அந்த இடம் என் கைவரிசை என்றும், அதற்காக யாருடைய சம்பளத்திலும் கைவைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அண்ணன் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. துணிகளை மடித்துக்கொண்டே, “மிச்சப் பலகை நாலு இருக்குல்ல? பத்திரமா வைங்க. பின்னாடி ஒரு நாள் அந்த இடத்தை மட்டும் மாத்திக்கலாம்” என்றார்.

கடைசித் தவணைக்கு முன்

தரை போடப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். பசை ஈரமாக இருக்கும்போதே துடைக்க வேண்டும் என்று வேலை தொடங்குமுன் பேசிக்கொள்ளுங்கள். டேப்பை நாள்கணக்கில் விட்டுவைக்க வேண்டாம், பசை பிடித்ததும் எடுத்துவிடச் சொல்லுங்கள். கடைசித் தவணை கொடுக்குமுன் பகல் வெளிச்சத்திலும் டார்ச்சிலும் தரையைக் குத்தகையாளரோடு சேர்ந்து பாருங்கள். குறைகளை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். படமெடுங்கள். அதுவரை நீங்களாக எதையும் தேய்க்காதீர்கள். தேய்த்துவிட்டால், எது அவர்கள் விட்ட கறை, எது நீங்கள் செய்த காயம் என்று பிரிப்பது கடினம். அந்தக் குழப்பத்துக்கு விலை கொடுப்பவர், பெரும்பாலும் அந்தப் பேச்சில் இல்லாத ஒருவர்.

பால் காய்ச்சிய அன்று அண்ணனையும் அழைத்திருந்தோம். அறைத் தோழர் ஒருவரோடு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் வந்தார். உறவினர்கள் பொங்கிய பாலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கண் மட்டும் சன்னலோரத்துக்குப் போய் வந்தது. அந்த இடத்தில் ஒரு கம்பளம் போடலாம் என்கிறார் என் கணவர். இன்னும் போடவில்லை.