வாயில்லா நோயாளி

கால்நடை மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரவுப் பணி செய்பவன் நான். அங்கு வரும் நோயாளி தன் நோயைத் தானே எடுத்துரைப்பதில்லை. அதன் உடற்குறிகளைக் கொண்டு நாங்களே அறிதல் வேண்டும்.

ஒருநாள் நள்ளிரவில் ஓர் அம்மையார், முதல்நாள் கன்று ஈன்ற தம் பசுவை வண்டியில் கொண்டுவந்தார். அவருக்கிருந்தது அந்த ஒரு பசுவே. அது எழ இயலாமல், கழுத்தை விலாப்புறம் மடித்துக் கிடந்தது, காதுகள் சில்லிட்டிருந்தன. இந்நோய்க்குப் ‘பால் காய்ச்சல்’ என்று பெயர். ஆயினும் உடலில் காய்ச்சல் இராது. பால் சுரப்பு தொடங்கும்போது குருதியிலுள்ள சுண்ணாம்புச் சத்து மடியை நோக்கிச் சென்றுவிடுகிறது. அதனால் தசைகள் வலுவிழக்கின்றன. மருத்துவம் தாமதித்தால் உயிரே போய்விடும்.

கால்சியக் கரைசலைக் கழுத்துச் சிரையில் செலுத்தலானேன். “சீக்கிரம் ஏற்றுங்கள், ஐயா!” என்று அம்மையார் மன்றாடினார். விரைந்து ஏற்றினால் இதயம் நின்றுவிடக்கூடும். எனவே இதயத் துடிப்பைக் கேட்டவாறே சிறிது சிறிதாக ஏற்றினேன். முதலில் தசைகள் நடுங்கின, பின்னர் ஏப்பம் வந்தது, சாணமிட்டது, இறுதியில் தள்ளாடியவாறு எழுந்து நின்றது.

“இரண்டொரு நாள் மடியை முற்றிலும் கறந்துவிடாதீர்கள்” என்று கூறி அனுப்பினேன். நோயாளியிடம் விரைந்து ஓடுவது எங்கள் கடமை. ஓடிச் சேர்ந்தபின் நிதானம் இழவாமையும் அதே கடமையின் பாற்பட்டதே.